கடலுக்கு ஒரு நாள்

யாழ்ப்பாணம் போய்வர தேதி குறித்த அன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாக்குவாதம் நடந்தது. மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. கோடை விடுமுறைக்கு எல்லோரும் இலங்கைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவனே அவன்தான். எப்படிப் போவது என்பதில்தான் பேச்சு முட்டிக்கொண்டது.

"திருச்சியில ஏறினா ஒரு மணி நேரம்ப்பா. ஏர்போர்ட்டு நம்ம புதுக்கோட்டை ரோட்டுலயே இருக்கு. கப்பல்னா முதல் நாளே நாகப்பட்டினம் போய்த் தங்கணும். அப்புறம் நாலு மணி நேரம் கடல்ல கிடக்கணும். எதுக்குப்பா?"

கேள்வி நியாயமானது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச் மாதக் கடைசியில் விமானம் விட ஆரம்பித்துவிட்டார்கள். அறந்தாங்கியில் காலைச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் நல்லூர் கோயில் வாசலில் நிற்கலாம். ஆனால் எனக்கு இரண்டு ஆசை இருந்தது. போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று டிக்கெட் எடுக்க வேண்டும். அதோடு, கடலுக்கென்று ஒரு நாளைச் சும்மா வைக்க வேண்டும்.

"சும்மான்னா?" என்றாள் மருமகள்.

"அன்னைக்கு எதுவும் எழுதாதம்மா. எந்தக் கோயில், எந்த ஓட்டல், ஒண்ணும் வேண்டாம். காத்து பலமா இருந்து கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனா அந்த நாளு கடலுக்கு."

மகனுக்கு ஆறு நாள்தான் லீவு. அதில் ஒரு நாளைக் கடலுக்குக் கொடு என்றால் யாருக்கும் மனசு வராது. கடைசியில் பேத்தி கப்பல் பக்கம் சாய்ந்ததால் நான் ஜெயித்தேன்.

இந்த ஒரு நாள் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா. சொல்லிக்கொடுத்த இடம் தலைமன்னார்.

நான் பிறந்தது 1954-ல், இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். தாத்தா அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மண்டபம் முகாமுக்குப் போய், அங்கே தடுப்பில் வைத்திருந்து, பிறகு கடல் தாண்டிப் போனவர். புதுக்கோட்டைச் சீமையிலிருந்தும் திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும் அப்படிப் போனவர்கள் ஏராளம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கப்பல் ஓட ஆரம்பித்தது. சென்னையில் ஒரு டிக்கெட் எடுத்தால் போதும். ரயிலில் வந்து, கப்பல் ஏறி, மறுகரையில் மறுபடி ரயில் ஏறி, கொழும்பில் இறங்கலாம். அந்த ரயிலைத்தான் நம் ஜனங்கள் போட் மெயில் என்றார்கள். எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் அந்த வண்டி இன்றைக்கும் புதுக்கோட்டை ஸ்டேஷனில் நின்றுதான் போகிறது. பழைய ஆட்கள் இன்றைக்கும் அதைப் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். கப்பல் இல்லாமல் போய் நாற்பது ஆண்டு ஆனாலும் பெயர் போகவில்லை.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத்தில் குடியுரிமை இல்லாமல் நின்ற ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதிப் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22-ஆம் தேதி இரவுப் புயலில் தனுஷ்கோடி போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. தாயகம் திரும்பு என்று சொன்ன வருஷத்திலேயே இறங்கவேண்டிய துறை தண்ணீருக்குள் போயிற்று. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது.

எங்கள் முறை 1978-ல் வந்தது. அப்பாவும் அம்மாவும் நானும் இந்தியக் கணக்கில். அக்காவைக் கட்டிக்கொடுத்த குடும்பம் இலங்கைக் கணக்கில். கண்டியில் வாங்கிய இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஹட்டன் ஸ்டேஷனில் நின்றோம். எங்களைப் போன்றவர்களை ஏற்றிப்போகிற ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். கோச்சி நகர்ந்தால் பிளாட்பாரத்திலும் பெட்டிக்குள்ளும் ஒரே அழுகையாக இருக்கும். அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு ராத்தல் தேயிலைத்தூளைப் பழைய சேலைத் துணியில் முடிந்து ஜன்னல் வழியாக என் மடியில் போட்டாள். "போய்க் கடுதாசி போடுடா தம்பி" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

தலைமன்னாரில் அன்று காற்று. கப்பல் மறுநாள்தான் என்றார்கள். துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள், பெட்டியும் படுக்கையும் சட்டிபானையுமாக. இளைஞனான எனக்குக் கோபம். போகச் சொன்னதும் இவர்கள், இங்கே நிறுத்துவதும் இவர்களா என்று சத்தம் போட்டேன். அப்பா ரொட்டியைப் பிய்த்துப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "கடலு விடுறப்பதான்டா போகணும். இதுக்கு ஒரு நாளு சேர்த்துத்தான் வச்சிருந்தேன்." உண்மையிலேயே வைத்திருந்தார். அரிசி, ரொட்டி மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் ஒரு நாளைக்கு அதிகப்படியாக எங்கள் மூட்டையில் இருந்தன. இல்லாத இரண்டு குடும்பம் அன்றிரவு எங்கள் அடுப்பில் சாப்பிட்டது. அதில் ஒரு குடும்பம் திருச்சிப் பக்கம்தான் குடியேறியது. அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நாங்களும், எங்கள் வீட்டுக் காரியங்களுக்கு அவர்களும் இன்றுவரை போகிறோம், வருகிறோம்.

மறுநாள் ராமானுஜம் கப்பலில் ஏறினோம். மேல்தளத்தில் நின்று, தலைமன்னார் கலங்கரை விளக்கம் விரல் உயரமாகி, நகக்கண் அளவாகி, பிறகு இல்லாமலே போகிறவரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின் கொஞ்ச நேரம் எந்தக் கரையும் இல்லை. பிறகு ராமேஸ்வரம் கோபுரம். ஒரு நாட்டை விட்டோம், இன்னொரு நாட்டுக்கு வந்தோம் என்பது அந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான் என் உடம்பில் ஏறியது. மண்டபம் முகாம், அதன்பின் திருச்சி கொட்டப்பட்டு முகாம், பிறகு அறந்தாங்கி. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன்.

இதைப் படித்துவிட்டுக் கப்பல்தான் உயர்த்தி என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் போர் மூண்டு, 1984-ல் கப்பல் நின்றது. 1987-ல் அக்கா இறந்தாள். தந்தி மூன்று நாள் கழித்து அறந்தாங்கிக்கு வந்து சேர்ந்தது. கப்பல் இல்லை. விமானத்துக்கு என் ஆறு மாதச் சம்பளம் வேண்டும், பாஸ்போர்ட்டும் காலாவதி. மணமேல்குடி கடற்கரையில் கிழக்கே பார்த்து எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு யாராவது ஒரு விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். சாவுக்கும் நோய்க்கும் பிரசவத்துக்கும் பறந்துதான் போகவேண்டும். அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

விடுமுறை வேறு. யாரும் சாகவில்லை, யாருக்கும் வலி கண்டிருக்கவில்லை. அப்படியிருந்தும் ஆறு நாளில் பதினெட்டு இடம் பார்க்கவேண்டும் என்று என் மகன் கைபேசியில் அட்டவணை போட்டிருந்தான். காலை 6.30 கிளம்ப, 8.15 காலை உணவு, 9 மணிக்குக் கோட்டை. அலுவலகத்தை மூட்டை கட்டிக் கூடவே எடுத்துப்போவது போலிருந்தது எனக்கு.

நாகப்பட்டினத்துக்கு வாடகைக் கார் பிடித்துப் போனோம். எங்கள் காரை அங்கே விட முடியாது, திரும்புவது திருச்சிக்கு. கப்பலில் கார் ஏற்றவும் முடியாது, ஆட்கள் மட்டும்தான். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் முதலில் கிளம்பியது. வடகிழக்குப் பருவமழை வந்து ஒரு வாரத்துக்குள் நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ல் சிவகங்கை என்ற கப்பல் மறுபடி ஓட ஆரம்பித்தது. நூற்றைம்பது பேர் போகலாம். ஏறத்தாழ நூற்றுப் பத்துக் கிலோமீட்டர், நாலு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொங்கினால் கப்பல் கரையில்தான். பஞ்சாங்கம் பார்க்காமல் இந்தக் கடலில் யாரும் தேதி குறிக்க முடியாது.

ராமானுஜம் கப்பலின் திறந்த தளம் இதில் இல்லை. பேருந்து போல இருக்கை வரிசை, குளிர்சாதனம், ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு. பேத்தி முதல் ஒரு மணி நேரம் துள்ளினாள், பிறகு வாந்தி எடுத்தாள், மருமகள் கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி என் தோளில் தூங்கினாள். மகன் கைபேசியை எடுத்தான். சிக்னல் இல்லை. இரண்டு மூன்று தரம் பார்த்துவிட்டு உள்ளே வைத்தான். பிறகு, வருஷக்கணக்கில் கேட்காத ஒன்றைக் கேட்டான்: "அப்பா, அத்தை எப்படி இருப்பாங்க?"

அக்காவின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவள் உயரம், வெற்றிலைக் காவி ஏறிய பல், கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதித்த தழும்பு, சண்டை வந்தால் சிங்களத்தில் திட்டுவது எல்லாவற்றையும் சொன்னேன். பாதிக் கடல் தாண்டுகிற வரை சொன்னேன். வீட்டில் இதைக் கேட்க அவனுக்கு நேரமும் இல்லை, சொல்ல எனக்குத் தோன்றியதும் இல்லை.

இதே கடலில்தான் எங்கள் மாவட்டத்து கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் போகின்றன. எங்கள் ஆட்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணத்துச் சிறையில் இருப்பது இங்கே மாதம் தவறாத செய்தி. அந்தக் கரை மீனவர்களோ, நம் இழுவைமடி தங்கள் வலையை அறுத்துக் கடலின் அடியையும் வழித்துக்கொண்டு போகிறது என்கிறார்கள். இரண்டு பக்கத்து வயிற்றிலும் நெருப்பு. விடுமுறைக்குப் போகிற நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ரசிக்கிற தண்ணீர், ஜெகதாப்பட்டினத்துப் பெண்ணுக்குப் புருஷனைக் கொண்டுபோன தண்ணீர். அதை மறந்துவிட்டுக் கடல் அழகு என்று எழுதக் கூடாது.

அன்று கடல் சமர்த்தாக இருந்தது. சொன்ன நேரத்தில் காங்கேசன்துறையில் இறங்கினோம். ஆக, கடலுக்கென்று வைத்த நாளைக் கடல் எடுத்துக்கொள்ளவில்லை, எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

நல்லூர், கீரிமலை, யாழ்ப்பாணம் நூலகம், கோட்டை, நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில். இவற்றைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நான் சொல்லவேண்டியது அந்த மிச்ச நாளைப் பற்றித்தான்.

அன்று காலையில் வேன் ஓட்டுநர், காரைநகர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து ஊர்காவற்துறைக்குப் போகலாமா என்று மகன் கேட்டான். வரைபடத்தில் பக்கத்தில் தெரிந்தது. இரண்டும் இரண்டு தீவு. காரைநகர் ஒரு தாம்போதியால் குடாநாட்டோடு ஒட்டியிருக்கிறது. ஊர்காவற்துறைத் தீவுக்கு யாழ்ப்பாண நகரத்திலிருந்து பண்ணைப் பாலம் வழியாகப் போகவேண்டும். நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குக் கடல்.

"சுத்திப் போறதெண்டால் யாழ்ப்பாணம் திரும்பிப் போய்த்தான் போகவேணும், நேரம் செல்லும்" என்றார் ஓட்டுநர். "பாதையாலை போவமே ஐயா? அவசரமில்லைத்தானே?"

பாதை என்றால் எனக்கு ரோடு. அவர்களுக்கு அது கடலில் மிதக்கிற தட்டையான இரும்புப் படகு. வண்டியும் ஆளும் ஒன்றாக ஏறுகிற ஒன்று. அந்த ஊர்க்காரர்கள் அதைப் படகு என்றுகூடச் சொல்வதில்லை, பாதை என்றுதான் சொல்கிறார்கள். தண்ணீர் மேல் நகர்ந்துபோகிற ரோடு. எழுபத்தோரு வயதில் ஒரு பழைய சொல்லுக்குப் புதுப் பொருள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

நாங்கள் போனபோது பாதை மறுகரையில் நின்றது. மகன் மணிக்கட்டைப் பார்த்தான், பிறகு இன்று அட்டவணை இல்லாத நாள் என்பது நினைவு வந்து கையை இறக்கிக்கொண்டான். துறையில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஆட்டோ, எங்கள் சின்ன வேன். இடுப்பில் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளுக்குக் கஞ்சி கொண்டுபோகும் ஒரு அம்மா. ஐஸ் உருகிச் சொட்டுகிற மீன் பெட்டியோடு ஒரு பையன். இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கயிற்றில் பிடித்திருந்த ஒரு பெரியவர். எங்கள் பேச்சைக் கேட்டதும் அவர்தான் முதலில் திரும்பினார்.

"எங்கயிருந்து வாறியள்?"

"புதுக்கோட்டைங்க. அறந்தாங்கி."

"எங்கட அப்பா காலத்திலை கோடியக்கரைக்கு வள்ளத்திலை போய்ப் படம் பார்த்திட்டு வருவினம்" என்றார். எங்கள் கரையிலும் அந்தக் கதையைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மறுகரை வாயால் கேட்டபோது அது கதையாக இல்லை.

பாதை வந்து கரையில் முட்டியது. இரும்புப் பலகையை இறக்கினார்கள். அதை ஓட்டுகிறவர் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. கையைக் காட்டினார், அவ்வளவுதான். எங்கள் வேனை நடுவில் நிறுத்தினார். ஆட்டோவை அதன் பின்னால். மோட்டார் சைக்கிள்களை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தார். ஒருவர் தன் வண்டியை நிழலுக்காக ஒரு பக்கம் தள்ளப் பார்த்தபோது, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார், வண்டிக்காரர் பழைய இடத்துக்கே தள்ளினார். ஆடுகளுக்கு முன்பக்கம். கஞ்சி கொண்டுவந்த அம்மாவுக்கு, இறங்கும்போது முதலில் இறங்குகிற மாதிரி ஓர் ஓரம். எல்லாம் சரியான பிறகு தண்ணீரைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், கயிற்றை அவிழ்த்தார்.

கடக்கப் பத்து நிமிடம் இருக்கும். நடுக்கடலில் ஒரு கோட்டை தெரிந்தது. போர்ச்சுக்கீசியர் கட்டி, டச்சுக்காரர் பிடித்து, ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தது. இலங்கைத் தீவை ஒரு பன்றித் தொடையாகப் பார்த்தால், அதன் குதிகால் இந்த இடம் என்று அர்த்தமாம். எதையும் தின்கிற பொருளாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர். பேத்தி அதைப் பார்க்கவில்லை. ஆட்டுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுகரையில் இறங்கியதும் அந்தப் பெரியவர், வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். போனோம். மத்தியானம்வரை இருந்தோம். அவர் மனைவி ஒடியல் மாவில் கூழ் வைத்துக் கொடுத்தார். அந்த ஆறு நாளைப் பற்றி எங்கள் பேத்தி வீட்டுக்கு வந்து சொன்ன கதைகளில் பாதி அந்த வீட்டைப் பற்றியது. அட்டவணையில் அந்த வீடு இருந்திருக்க வழியே இல்லை.

இப்படிப்பட்ட பாதைகளை விளையாட்டாகவும் நினைக்கக் கூடாது. 2021 நவம்பர் 23-ல் திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடிகிறவரை ஓட்டிய படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். காரைநகரில் அந்த ஓட்டுகிறவர் பேசாமல் கையைக் காட்டியது ஏன் என்று அந்தச் செய்தி தெரிந்தவர்களுக்குப் புரியும். ஏறுகிறவர்கள் அவர் கையைப் பார்த்துக் கேட்டு நடக்கவேண்டும்.

பாலம் வந்தால் பாதை போய்விடும். மலேசியாவின் பினாங்கில் அப்படித்தான் ஆனது. எங்கள் தெருவில் ஒருவர் இளமையில் பட்டர்வொர்த்தில் கடையில் வேலை பார்த்தவர். காரோடு கப்பலில் ஏறி ஜார்ஜ் டவுன் போவதுதான் அந்தக் காலத்துப் பயணம். 1985-ல் பாலம் வந்தது. 2021 பிறந்தபோது அந்தக் கப்பலில் கார் ஏற்றுவதையே நிறுத்திவிட்டார்கள். "பாலத்துல பத்து நிமிஷத்துல போயிடலாம். ஆனா பாலத்துல யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க" என்பார். பாலம் வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். தினமும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்குப் பாலம்தான் வேண்டும்.

திரும்பும்போது பலாலியில் விமானம் ஏறினோம். சிறகில் விசிறி சுற்றுகிற சின்ன விமானம். பெல்ட்டைக் கட்டி, தண்ணீர் குடித்து, ஜன்னலில் கொஞ்ச நேரம் நீலம் தெரிந்து, பிறகு நம் கரையின் உப்பளமும் தென்னந்தோப்பும் கண்மாய்களும் தெரிந்தன. "அவ்ளோதானா?" என்றாள் பேத்தி. என் முழங்காலுக்கு அது போதும் என்றிருந்தது. மகனுக்கு மறுநாள் காலை வேலை. விமானம் இல்லாவிட்டால் கடலுக்கு வைத்த அந்த நாளும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. அதையும் சொல்லவேண்டும்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் கொட்டப்பட்டு. வண்டியை நிறுத்தச் சொன்னேன். நாங்கள் 1978-ல் வந்து தங்கிய முகாம், இன்றைக்கு போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் இருக்கிற முகாம். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை முகாம்களில் அப்படித்தான். நாங்கள் ஒரு மணி நேரத்தில் தாண்டி வந்த கடலை விடுமுறைக்காகத் தாண்ட அவர்களில் பலருக்கு ஒரு பாஸ்போர்ட் இல்லை. பேத்திக்கு அந்த வாசலைக் காட்டினேன். "இங்கதானா தாத்தா?" என்றாள். இங்கேதான் என்றேன்.

மகனிடமும் அவன் வயதுக்காரர்களிடமும் நான் கேட்பது சின்ன விஷயம். அந்தமானுக்குப் போங்கள், லட்சத்தீவுக்குப் போங்கள், நெடுந்தீவுக்குப் போங்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்தான், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். வேலைக்குப் போகிறவர்கள் மூன்று நாள் கப்பலில் போகமுடியாது, தெரியும். ஆனால் அங்கே இறங்கிய பிறகு தீவுக்குத் தீவு போகக் கப்பல் இருக்கிறது, வண்டியோடு ஏறுகிற படகு இருக்கிறது. அதில் ஏறுங்கள். லீவு போடும்போதே ஒரு நாளை எழுதாமல் வையுங்கள். கடல் எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள், சண்டை போடாதீர்கள். எடுத்துக்கொள்ளாவிட்டால் அந்த நாளில் எங்கே போகவேண்டும் என்று அந்த ஊர்க்காரர் யாரையாவது கேளுங்கள்.

ஹட்டனுக்குப் போகமுடியவில்லை. ஆறு நாளில் மலையேறி இறங்க வழியில்லை. அக்காவின் மகன், ஜன்னலுக்கு வெளியே அவள் இடுப்பில் இருந்த அந்தக் குழந்தை, இன்று தோட்டத்தில் பேரன் எடுத்தவன். கைபேசியில் முகம் பார்த்துப் பேசினோம். அடுத்த முறை நேரே வீட்டுக்கு வா மாமா என்றான்.

அப்படி வருவதென்றால் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. புதுக்கோட்டையிலிருந்து காரில் ராமேஸ்வரம், அங்கே காரோடு கப்பலில் ஏறி தலைமன்னார், அங்கிருந்து மலைக்கு. 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கார் ஏற்றக்கூடிய பெரிய கப்பலே ஓடியது, சில மாதத்தில் நின்றுபோனது. ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் வரும் என்று இரண்டு அரசுகளும் பல தடவை சொல்லிவிட்டன. சொன்னதைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன். என்னைப் போல அந்தக் கடலைக் கடந்துவந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் குறைவு.

கரை இரண்டும் தயாராகத்தான் இருக்கின்றன. தலைமன்னார் துறைக்கு 2015 மார்ச் 14-ல் மறுபடி ரயில் வந்துவிட்டது. இந்தப் பக்கம் 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறந்து, ராமேஸ்வரத்துக்கு ரயில் போகிறது. நடுவில் கப்பல் மட்டும் இல்லை.